படம் பார்க்கும்போது மூளை தூங்குகிறதா?

தெம்பனிஸ் மல்லிகை

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை மாலை தமிழ்ப் படம் திரையிடுகிறோம். வருபவர்களில் பாதிப் பேர் மூத்தோர், மீதி பிள்ளைகளோடு வரும் குடும்பங்கள். படம் முடிந்ததும் பேச்சு, பிறகு தேநீர்.

கொஞ்ச நாளாக ஒரு வாட்ஸ்அப் செய்தி எங்கள் குழுவைச் சுற்றிச் சுற்றி வருகிறது. திரையைப் பார்க்கத் தொடங்கிய ஒரு நிமிடத்துக்குள் மூளை ‘ஆல்ஃபா’ அலைக்கு இறங்கிவிடுமாம். அது அரைத்தூக்கமாம். சும்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தால்கூட மூளை இதைவிட நன்றாக வேலை செய்யுமாம். இதைப் படித்துவிட்டு ஒரு தாயார் இனிப் பிள்ளையை அழைத்துவருவதாக இல்லை என்று சொல்லிவிட்டார். அவருடைய பயத்தை நான் சின்னதாக எண்ணவில்லை. ஆனால் ஒரு கட்டத்தில் மண்டபமே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பக்கவாட்டில் நின்று பார்த்தவளால் அதைத் தூக்கம் என்று ஏற்க முடியவில்லை.

மூளை ஆய்வு தெரிந்தவர்களும் படத் தொழிலில் இருப்பவர்களும் இங்கே உண்டு. உள்ளே என்னதான் நடக்கிறது? இன்னொன்றும் கேட்க வேண்டும். அடுத்த மாதம் விறுவிறுப்பான படமா, மெதுவாக நகரும் படமா என்று ஏற்பாட்டுக் குழுவில் இழுபறி. ‘மூளைக்கு எது நல்லது’ என்று ஒருவர் கேட்கப்போய் அது பெரிதாகிவிட்டது.

காந்தச்சுருள்

அக்கா, நான் எம்ஆர்ஐ பிரிவில் வேலை செய்பவன். ஆய்வுக்கு வருபவர்களைக் கருவிக்குள் படுக்க வைத்துப் படத்துண்டு ஓடவிடுவதும் என் வேலைதான். அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

அந்தச் செய்தியின் வேர் 1971இல் இருக்கிறது. ஹெர்பர்ட் க்ரூக்மன் என்ற அமெரிக்க விளம்பர ஆய்வாளர், தலையில் மின்முனை பொருத்தி, முதலில் பத்திரிகையையும் பிறகு தொலைக்காட்சி விளம்பரத்தையும் காட்டி மூளை அலையைப் பதிவு செய்தார். தொலைக்காட்சி ஓடியபோது வேகமான அலைகள் குறைந்து மெதுவான அலைகள் கூடின என்று எழுதினார். எத்தனை பேரிடம் சோதித்தார் தெரியுமா? ஒரே ஒரு பெண்ணிடம். அந்த ஒருவரின் பதிவைத்தான் ஐம்பது ஆண்டுக்கு மேலாக ஆளாளுக்கு ஊதிப் பெரிதாக்கி அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆல்ஃபா அலை தூக்கமும் இல்லை. ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1929இல் மனித மூளையின் மின்னலைகளைப் பற்றி முதன்முதலாக எழுதியபோது விவரித்தது இந்த அலையைத்தான். நொடிக்கு ஏறக்குறைய 8 முதல் 12 தடவை எழுந்து விழும் அலை அது. விழித்திருக்கும் ஒருவர் கண்ணை மூடி அமைதியாக இருந்தால் பின்மண்டையில் ஓங்கும். கண்ணைத் திறந்து எதையாவது கூர்ந்து கவனித்தால் அடங்கும். உறக்கம் ஆழமாகும்போது வருபவை அதைவிட மெதுவான வேறு அலைகள்.

இனி, உள்ளே என்ன நடக்கிறது என்ற கேள்வி. 2004இல் உரி ஹாஸன், ரஃபேல் மலாக் குழுவினர் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் செய்த சோதனையிலிருந்துதான் பேச்சைத் தொடங்க வேண்டும். 5 பேர், தனித்தனியாகக் கருவிக்குள் படுத்து, ‘தி குட், தி பேட் அண்ட் தி அக்லி’ என்ற கௌபாய்ப் படத்தின் முதல் அரை மணி நேரத்தைப் பார்த்தார்கள். பொத்தானை அழுத்து, முகத்தை எண்ணு என்று எந்தக் கட்டளையும் இல்லை. படத்தைப் பார்த்தால் போதும். ஆளுக்கொரு மூளை, ஆளுக்கொரு நினைப்பு என்றுதானே எதிர்பார்ப்போம்? மூளையின் வெளிப்படலமான பெருமூளைப் புறணியில் ஏறக்குறைய 30 விழுக்காடு இடங்களில் ஐந்து பேருடைய ஏற்ற இறக்கமும் ஒன்றாகவே போனது. ஒருவருடைய வரைபடத்தை வைத்து இன்னொருவருடைய மூளை அந்த நொடியில் ஏறுமா இறங்குமா என்று சொல்ல முடிந்தது.

இதில் என்னை மிகவும் கவர்ந்தது அவர்கள் பின்னோக்கிப் போன விதம். மூளையின் ஒரு பகுதி எந்தெந்த நொடியில் உச்சத்துக்குப் போனது என்று குறித்துக்கொண்டு, அந்த நொடிகளின் காட்சிகளை மட்டும் எடுத்து வரிசையாக வைத்தார்கள். ஒரு பகுதிக்கு வந்தவை பெரும்பாலும் முகங்களின் அண்மைக்காட்சிகள். இன்னொன்றுக்குக் கட்டடங்களும் திறந்த வெளியும். மற்றொன்றுக்குக் கைகள் செய்யும் நுணுக்கமான வேலைகள். யாரும் சொல்லிக்கொடுக்காமலே ஒவ்வொரு பகுதியும் தனக்கான காட்சியைப் படத்திலிருந்து பொறுக்கியெடுத்திருந்தது.

2008இல் ஹாஸன் வேறொரு குழுவோடு பல படைப்புகளை ஒப்பிட்டார். திகில் பட இயக்குநர் ஹிட்ச்காக்கின் தொலைக்காட்சித் தொடரில் வந்த ஒரு கதைக்குப் புறணியின் 65 விழுக்காட்டுக்கு மேல் பார்வையாளர்கள் ஒத்துப்போனார்கள். முன்சொன்ன கௌபாய்ப் படத்துக்கு இந்தச் சோதனையில் 45. ஒரு நகைச்சுவைத் தொடருக்கு 18. நியூயார்க் பூங்கா ஒன்றில் கேமராவை அசையாமல் நிறுத்தி எடுத்த வெட்டில்லாத காட்சிக்கு 5 விழுக்காட்டுக்கும் கீழே.

தூங்கும் மூளைகள் இப்படி நொடிக்கு நொடி ஒத்துப்போக வழியே இல்லை. அந்தத் தாயாரிடம் இதைத் தாராளமாகச் சொல்லுங்கள்.

வெட்டுமேசை

காந்தச்சுருள் தம்பி, அந்த 65-க்கும் 5-க்கும் நடுவில் கிடக்கும் அறுபதுதான் எங்கள் பிழைப்பு. தொலைக்காட்சி நாடகங்களைத் தொகுத்தே தலை நரைத்தவன் நான். கேமராவைப் பூங்காவில் வைத்துவிட்டு வந்தால் ஒருவர் புறாவைப் பார்ப்பார், ஒருவர் பாட்டுக்காரரைப் பார்ப்பார், ஒருவர் சாப்பாட்டை நினைப்பார். எங்கே பார்க்க வேண்டும், எவ்வளவு நேரம் பார்க்க வேண்டும், எப்போது விட்டுவிட வேண்டும் என்று முடிவெடுப்பவர் வந்த பிறகுதான் அது படமாகிறது.

எங்கள் தொழிலில் பழைய நம்பிக்கை ஒன்று உண்டு. பார்ப்பவர் கண் சிமிட்டும் இடத்தில் வெட்டு, அதாவது ஒரு காட்சித்துண்டிலிருந்து அடுத்ததற்குத் தாவும் இடம், விழுந்தால் வெட்டு தெரியாது. ஹாலிவுட் தொகுப்பாளர் வால்டர் மர்ச் இதைப் புத்தகமாகவே எழுதினார். வெறும் கைப்பழக்கத்தில் வந்த நம்பிக்கை என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். 2009இல் ஜப்பானில் தமாமி நகானோ குழு ‘மிஸ்டர் பீன்’ காட்சிகளைப் போட்டுக்காட்டிப் பார்வையாளர்களின் கண்ணிமைகளை அளந்தது. ஒரு செயல் முடியும் இடத்தில், முக்கியப் பாத்திரம் திரையை விட்டு வெளியேறும் இடத்தில், ஏற்கெனவே பார்த்த காட்சி மறுபடி வரும் இடத்தில் எல்லாரும் ஏறக்குறைய சேர்ந்தே சிமிட்டினார்கள். கதையில்லாத இயற்கைக் காட்சிகளைப் போட்டபோது அந்த ஒற்றுமை காணாமல் போனது. கண்ணை எங்கே மூடலாம் என்பதைக்கூட மூளை கதையிடம்தான் கேட்டுக்கொள்கிறது. அதே குழு 2013இல் கருவிக்குள் வைத்துப் பார்த்தபோது, சிமிட்டும் அந்தக் கணத்தில் வெளிக்கவனத்துக்கான வலைப்பின்னல் (சேர்ந்தே இயங்கும் மூளைப் பகுதிகள்) தணிந்து, உள்நோக்கித் திரும்பும் வலைப்பின்னல் சற்றே எழும்புவதைக் கண்டது.

வெட்டைப் பற்றி இன்னொன்று. டிம் ஸ்மித், ஜான் ஹெண்டர்சன் இருவரும் 2008இல் பார்வையாளர்களிடம் ‘வெட்டு விழும்போதெல்லாம் பொத்தானை அழுத்துங்கள்’ என்று சொல்லியே படம் காட்டினார்கள். ஒருவர் நாற்காலியிலிருந்து எழும் அசைவின் நடுவே வெட்டி, அடுத்த கோணத்தில் அதே அசைவைத் தொடர்வோம் இல்லையா, அந்த வகை வெட்டுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றைத் தவறவிட்டார்கள். தேடிக்கொண்டே இருந்தவர்கள் கண்ணிலேயே படவில்லை. செயல் தொடர்கிறவரை கோணம் மாறியதை மூளை பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

கேள்விக்குறி

அண்ணன்மார் இருவரும் சொல்வது சுவையாக இருக்கிறது. நான் உளவியல் படிக்கும் மாணவி. வகுப்பில் எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் எச்சரிக்கைகளை இங்கேயும் வைக்க வேண்டும்.

இந்த ஆய்வுகளில் மூளையை அளக்கும் எஃப்எம்ஆர்ஐ முறை நேராகச் சிந்தனையைப் படம் பிடிப்பதில்லை. செய்ஜி ஒகாவா 1990இல் காட்டிய வழிப்படி, அது இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு மாறுவதைத்தான் பார்க்கிறது. நரம்பணுக்கள் வேலை செய்து ஐந்தாறு விநாடி கழித்துத்தான் அந்த மாற்றம் உச்சத்துக்கு வரும். படத்தில் அதற்குள் சில வெட்டுகள் ஓடிவிடும். படுக்க வைத்து, தலையை அசைக்கக் கூடாது என்று சொல்லி, நூறு டெசிபலைத் தாண்டும் இரைச்சலுக்கு நடுவே காதை அடைத்துக்கொண்டு தனியாகப் பார்ப்பதும், சமூக மன்றத்தில் பக்கத்து வீட்டுக்காரரோடு பார்ப்பதும் ஒன்றல்ல.

அடுத்தது, ‘மூளைக்குள் உணர்ச்சியோடு தொடர்புடைய அமிக்டலா எழும்பியது, ஆகவே பயந்தார்’ என்று பின்னாலிருந்து முடிவு கட்டும் பழக்கம். ரஸ்ஸல் போல்ட்ராக் 2006இல் இதைக் கடுமையாக எச்சரித்தார். அமிக்டலா பயத்துக்கு மட்டும் எழும்புவதில்லை. புதுமைக்கு, முகத்துக்கு, இனிப்பான எதிர்பார்ப்புக்கும் எழும்பும்.

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது மூன்றாவது. அந்த 65, 45, 18, 5 எல்லாம் மூளை எவ்வளவு வேலை செய்தது என்பதன் அளவு இல்லை. எத்தனை இடங்களில் எல்லாரும் ஒரே மாதிரி வேலை செய்தார்கள் என்பதன் அளவு. பூங்காவைப் பார்த்தவர் மூளை ஓய்ந்துபோய்க் கிடக்கவில்லை. அவரவர் வழியில் ஓடிக்கொண்டிருந்தது. விறுவிறுப்பான படம் மூளைக்கு ‘அதிகம்’ நல்லது என்று இந்த எண்களை வைத்து யாராவது சொன்னால் நம்பாதீர்கள், மல்லிகை அக்கா.

காந்தச்சுருள்

மூன்றையும் ஏற்கிறேன். மூன்றாவதைச் சிவப்பு மையில் எழுதி ஒட்ட வேண்டும்.

அதே நேரம் இந்தக் கருவியால் நுட்பமாகவும் கேட்க முடியும். ஹாஸன் குழு 2008இல் ஒலியில்லாப் படங்களை 4, 12, 36 விநாடித் துண்டுகளாக வெட்டிக் கலைத்துப்போட்டுக் காட்டியது. பின்மண்டையில் இருக்கும் பார்வைப் பகுதிகளுக்குக் கலைத்தது ஒரு பொருட்டே இல்லை. ஒளியும் அசைவும் வந்தால் போதும், அதே மாதிரிதான் இயங்கின. முன்னோக்கிப் போகப் போக, நீளமான துண்டு இருந்தால்தான் பார்வையாளர்கள் ஒத்துப்போனார்கள். சில பகுதிகளுக்கு அரை நிமிடத்துக்கு மேல் தொடர்ச்சி தேவைப்பட்டது. அதாவது, ஒரே படத்தை நொடிக் கணக்கில் பார்க்கும் பகுதியும் இருக்கிறது, காட்சிக் கணக்கில் பார்க்கும் பகுதியும் இருக்கிறது.

கைப்பேசியில் விரலால் தள்ளித் தள்ளிப் பதினைந்து விநாடித் துண்டுகளைப் பார்ப்பதற்கும் முழுப் படம் ஒன்றை உட்கார்ந்து பார்ப்பதற்கும் எனக்குத் தெரியும் வேறுபாடு இதுதான். அந்த நீண்ட தொடர்ச்சியைக் கோர்க்கும் பகுதிகளுக்கு முழுப் படம் வேலை கொடுக்கிறது. பெற்றோர் ‘திரை நேரம்’ என்று ஒரே மூட்டையாகக் கட்டிப் பேசும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. இரண்டையும் ஒரே கணக்கில் எழுதுவது சரியில்லை.

முன்னாள் ஆசிரியர்

பிள்ளைகளே, ஒரு முதியவன் குறுக்கிடுகிறேன். செம்பவாங் கடற்படைத் தளக் குடியிருப்பில் வளர்ந்தவன் நான். திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலம். ஊரிலிருந்து புதிதாக வந்த பாட்டிமார் சிலர் படத்தின் நடுவே ‘இப்போ இவன் எங்கே போனான்?’ என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். எங்களுக்கு அது எப்படிப் புரியாமல் போகும் என்று விளங்கியதே இல்லை.

படம் பார்ப்பது பிறவியிலேயே வருவதா, பழகிக்கொள்வதா? இதற்கு யாராவது விடை கண்டிருக்கிறார்களா?

கேள்விக்குறி

ஐயா, கண்டிருக்கிறார்கள். ஸ்டெஃபான் ஷ்வான், செர்மின் இல்டிரார் இருவரும் துருக்கியின் தென்பகுதி மலைக்கிராமங்களுக்குப் போய், அதுவரை படமே பார்த்திராத பெரியவர்களுக்குத் துண்டுப் படங்களைக் காட்டினார்கள். 2010இல் வெளிவந்த ஆய்வு. அங்கிருந்த மக்களுக்கு நன்கு பழக்கமான ஒரு வேலை காட்சிகளின் ஊடே தொடர்ந்து போனால், வெட்டுகளைத் தாண்டியும் அவர்கள் புரிந்துகொண்டார்கள். அப்படிப் பற்றிக்கொள்ள ஒரு செயல் இல்லாமல் கோணமும் இடமும் மட்டும் மாறிய இடங்களில் தடுமாறினார்கள். ஒருவர் எதையோ பார்க்கிறார், அடுத்து அவர் பார்ப்பது காட்டப்படுகிறது என்ற தொடர்பு நமக்குக் கேட்காமலே விளங்கிவிடும். அவர்களுக்கு விளங்கவில்லை.

பாதி மூளையோடு வருகிறது, பாதி பழக்கத்தில் வருகிறது என்று நான் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் ஊர்ப் பாட்டிமார் கேட்ட கேள்வி நியாயமான கேள்வி, ஐயா.

ஈசூன் அப்பா

என் மகளுக்கு நான்கு வயது. மல்லிகை அக்கா சொன்ன தாயாரின் பயம் எனக்கும் இருக்கிறது. பெரியவர்கள் மூளையைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் பிள்ளை மூளை வேறுதானே? வேகமாக ஓடும் கார்ட்டூன் பார்த்த பிறகு அவள் சொன்ன பேச்சைக் கேட்பதே இல்லை. இது என் மனப்பிரமையா?

காந்தச்சுருள்

பிரமை இல்லை, அண்ணே. வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தில் ஏஞ்சலின் லில்லார்ட், ஜெனிஃபர் பீட்டர்சன் 2011இல் நான்கு வயதுப் பிள்ளைகள் 60 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வேகமாக வெட்டப்பட்ட கற்பனைக் கார்ட்டூன், ஒரு பிரிவுக்கு நிதானமான கல்விக் கார்ட்டூன், மூன்றாவது பிரிவுக்கு வண்ணம் தீட்டுவது. 9 நிமிடம்தான். உடனே பொறுமை, நினைவில் வைத்துச் செய்வது, தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்வது ஆகியவற்றைச் சோதித்தபோது, வேகக் கார்ட்டூன் பார்த்தவர்கள் பின்தங்கினார்கள். அளந்தது உடனடி விளைவை. ஆயுளுக்கும் பாதிப்பு என்று அதிலிருந்து சொல்ல முடியாது. ஆனால் கார்ட்டூனை நிறுத்திய கையோடு வீட்டுப்பாடத்துக்கு உட்கார வைக்காதீர்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. 2018இல் ஹிலரி ரிச்சர்ட்சன், ரெபெக்கா சாக்ஸ் குழு 3 முதல் 12 வயது வரையிலான 122 பிள்ளைகளுக்குப் பிக்ஸாரின் சிறு அசைவூட்டப் படம் ஒன்றைக் காட்டியது. பாத்திரத்துக்கு உடம்பில் அடிபடும் கணங்களுக்கு ஒரு வலைப்பின்னலும், பாத்திரம் என்ன நினைக்கிறது என்று ஊகிக்க வேண்டிய கணங்களுக்கு வேறொரு வலைப்பின்னலும் எழும்பின. மூன்று வயதிலேயே இரண்டும் தனித்தனி. வயது ஏற ஏற இன்னும் தெளிவாகப் பிரிந்தன. பிறர் மனத்தை ஊகிக்கும் பகுதிகளுக்கு உங்கள் மகள் படம் பார்க்கும்போதும் வேலை இருக்கிறது.

நம் சிங்கப்பூரிலேயே செய்த ஒன்றைக் கடைசியாக வைத்தேன். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் அதிஃபா அஸாரி, ஜியான்லூகா எஸ்போசிட்டோ குழு 2019இல் வெளியிட்டது. 31 தாய்-பிள்ளை இணைகள். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இருவரும் சேர்ந்து அசைவூட்டப் படத்துண்டுகளைப் பார்த்தார்கள். இருவர் தலையிலும் அகச்சிவப்பு ஒளியால் அளக்கும் தொப்பி. அதற்குப் படுக்க வேண்டாம், இரைச்சல் இல்லை. பிள்ளை வளர்ப்பில் அதிக மன அழுத்தம் இருப்பதாகச் சொன்ன தாய்மாருக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும், முன்மூளையின் ஒரு பகுதியில் ஒத்திசைவு குறைவாக இருந்தது. ஒரே திரை, ஒரே படம், ஒரே மடி. அப்படியும் அம்மா எந்த நிலையில் உட்கார்ந்திருக்கிறார் என்பது அதில் தெரிந்துவிட்டது.

ஈசூன் அப்பா

கடைசியில் சொன்னது நெஞ்சைத் தொட்டது. அவளை உட்கார வைத்துவிட்டு நான் பக்கத்தில் மின்னஞ்சல் பார்ப்பது வழக்கம். இனி இரண்டு பேரும் சேர்ந்தே பார்க்கிறோம்.

செங்காங் மகள்

இந்த இழையைத் தொடக்கத்திலிருந்து படித்துக்கொண்டு வருகிறேன். என் அம்மாவுக்கு முதுமைமறதி நோய். சாயங்காலம் அவருக்குப் பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றைப் போட்டுவிடுவேன். பாட்டு வந்தால் கைதட்டுவார், சண்டை வந்தால் திட்டுவார். படம் முடிந்து பத்து நிமிடம் கழித்துக் கேட்டால் படம் பார்த்ததே நினைவில்லை. உறவினர் ஒருவர், ‘எதுவும் தங்காத மூளைக்கு எதற்கு இதெல்லாம்? பேசாமல் படுக்க வை’ என்றார். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. தங்காது என்றால் பயனே இல்லையா?

கேள்விக்குறி

அக்கா, பயன் இருக்கிறது. இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள்.

ஜஸ்டின் ஃபைன்ஸ்டைன் குழு 2010இல் அயோவாப் பல்கலைக்கழகத்தில் நினைவைப் பதிய வைக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதி கடுமையாகச் சிதைந்த 5 நோயாளிகளுக்குச் சோகமான படத்துண்டுகளையும் மகிழ்ச்சியான படத்துண்டுகளையும் தனித்தனியாகக் காட்டியது. சில நிமிடங்களில் படத்தில் வந்தவை ஏறக்குறைய முழுவதும் மறந்துபோயின. சோகமும் மகிழ்ச்சியும் மட்டும் போகவில்லை. ஏன் மனம் கனக்கிறது என்று தெரியாமலே கனத்துக்கொண்டிருந்தார்கள். 2014இல் அதே வழியில் எட்மாரி குஸ்மான்-வேலஸ் குழு ஆல்ஸைமர் வகை முதுமைமறதி நோயாளிகள் 17 பேரையும் நலமாக இருந்த 17 பேரையும் வைத்துச் செய்தது. நோயாளிகளுக்கும் உணர்வு நினைவைத் தாண்டி நின்றது. படத்தைப் பற்றி எவ்வளவு குறைவாக நினைவிருந்ததோ அவ்வளவு நீளமாகச் சோகம் நின்றது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆகையால் எந்தப் படத்தைப் போடுகிறீர்கள் என்பது உங்கள் அம்மாவின் அந்த மாலைப்பொழுதைத் தீர்மானிக்கிறது. அழவைக்கும் படத்தைத் தவிர்த்துவிடுங்கள். கைதட்ட வைக்கும் படத்தைத் தயங்காமல் போடுங்கள்.

காந்தச்சுருள்

இதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். கனடாவின் வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் லொரீனா நாச்சி, ஏட்ரியன் ஓவன் குழு 2014இல் வெளியிட்டது. 16 ஆண்டுகளாக எந்த அசைவாலும் பதில் தராத ஒரு நோயாளிக்கு ஹிட்ச்காக்கின் அந்தக் கதையையே சுருக்கிக் காட்டினார்கள். ஒரு சிறுவன், தோட்டா இருக்கும் நிஜத் துப்பாக்கியைப் பொம்மை என்று நினைத்துக்கொண்டு திரியும் கதை. நலமானவர்களின் மூளையில், பதற்றம் ஏறும் இடங்களில் முன்மூளையும் பக்கமூளையும் சேர்ந்த ஒரு வலைப்பின்னல் ஏறி இறங்கியது. அந்த நோயாளியின் மூளையும் அதே இடங்களில் அதே மாதிரி ஏறி இறங்கியது. கதையை அவர் பின்தொடர்ந்துகொண்டிருந்தார். பேசாதவருக்குள் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட நமக்கு உரிமையே இல்லை, அக்கா. அந்த உறவினர் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

செங்காங் மகள்

நன்றி தங்கச்சி, நன்றி தம்பி. இதைக் குடும்பக் குழுவில் அப்படியே போடுகிறேன்.

தெம்பனிஸ் மல்லிகை

படிக்கப் படிக்க மனம் நிறைகிறது. என் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். வெட்டுமேசை அண்ணே, எல்லாரையும் ஒரே பிடியில் வைத்திருப்பதுதான் நல்ல படமா? எங்கள் குழுவில் மெதுவான படத்துக்காக வாதாடுபவள் நான்தான். அதில் ஒரு நிமிடம் முழுக்க மழை பெய்யும், யாரும் பேசமாட்டார்கள். அப்போது அவரவர் ஊர் மழையை நினைக்கட்டுமே என்பது என் எண்ணம்.

வெட்டுமேசை

பிடிப்பது திறமை. பிடித்தே வைத்திருப்பது மட்டும் திறமை என்று நான் சொல்லமாட்டேன். விளம்பரக்காரரும் பிடிக்கிறார், பிரசாரக்காரரும் பிடிக்கிறார். பார்வையாளரின் கவனம் ஒரு பொறுப்பு. எப்போது விட வேண்டும் என்று தெரியாத தொகுப்பாளரோடு நான் வேலை செய்ய விரும்பமாட்டேன். மழையை விடுங்கள், மல்லிகை. நான் உங்கள் பக்கம்.

கேள்விக்குறி

மல்லிகை அக்கா பக்கம் ஆய்வும் இருக்கிறது. பின்லாந்தில் லாஹ்னகோஸ்கி குழு 2014இல் ஒரே தொலைக்காட்சித் தொடர்க் காட்சியை ஒரே ஆட்களுக்கு இரண்டு முறை காட்டியது. ஒருமுறை ‘துப்பறிவாளராகப் பாருங்கள்’, இன்னொரு முறை ‘வீட்டு உள்ளலங்காரம் செய்பவராகப் பாருங்கள்’. ஒரே நோக்கோடு பார்த்தபோது மூளைகள் அதிகம் ஒத்துப்போயின. நோக்கு மாறியதும் அந்த ஒற்றுமை குறைந்தது. திரையில் வருவது பாதிதான். பார்ப்பவர் எதைத் தேடி வந்தார் என்பது மீதி.

கரோலின் பார்கின்சன் குழு 2018இல் ஒரு வணிகப் பட்டப்படிப்பு வகுப்பில் யாருக்கு யார் நண்பர் என்று முழு வரைபடம் போட்டுக்கொண்டு, 42 மாணவர்களைக் கருவிக்குள் அனுப்பிப் பலவகைப் படத்துண்டுகளைக் காட்டியது. நண்பர்களின் மூளைகள் அதிகம் ஒத்திருந்தன. நண்பரின் நண்பர் சற்றுக் குறைவு. ஒரே மாதிரிப் பார்ப்பதால் நண்பர்களா, நண்பர்களானதால் ஒரே மாதிரிப் பார்க்கிறார்களா என்பதை அந்த ஆய்வு பிரித்துச் சொல்லவில்லை. எதுவாக இருந்தாலும், படம் முடிந்து ஒருவர் ‘அப்படியா, எனக்கு அப்படித் தோன்றவில்லையே’ என்று சொல்லும் நேரம்தான் உங்கள் திரையிடலின் உயிர். எல்லா மூளையும் ஒன்றாகவே போயிருந்தால் பேச என்ன மிஞ்சும்?

முன்னாள் ஆசிரியர்

என் பேரப்பிள்ளைகள் தமிழ்ப் படம் பார்க்கும்போது கண் முழுக்க அடியில் ஓடும் ஆங்கில வரியில்தான். தமிழ் காதில் விழுகிறதா இல்லையா என்று எனக்குக் கவலை. அந்த வரியை எடுத்துவிட்டுத் திரையிட்டால் என்ன?

கேள்விக்குறி

எடுக்க வேண்டாம், ஐயா. பெல்ஜியத்தில் ழேரி திதெவால் குழு 1991இல் காட்டியது: வசனம் நன்றாகப் புரிந்தாலும், அடியில் வரி ஓடினால் கண் தானாக அங்கே போகும். சோம்பலோ மொழி வெறுப்போ அதற்குக் காரணம் இல்லை. கூடவே, கிறிஸ் ஹனி குழு 2012இல் ஒரே கதையை ஆங்கிலம் பேசுபவர்களுக்கு ஆங்கிலத்திலும் ரஷ்யம் பேசுபவர்களுக்கு ரஷ்யத்திலும் கேட்க வைத்தது. ஒலியைப் பகுக்கும் பகுதிகள் வெவ்வேறாக இயங்கின. கதையைக் கோர்க்கும் மேல்நிலைப் பகுதிகள் இரு மொழியிலும் ஒத்துப்போயின. வரியைப் படித்துக்கொண்டு உங்கள் பேரன் கதைக்குள் வந்துவிடுகிறான். கதைக்குள் வந்தவனிடம் பிறகு நீங்கள் தமிழில் பேசலாம்.

காந்தச்சுருள்

மல்லிகை அக்கா, முடிப்பதற்குள் ஒரு நடைமுறை வேண்டுகோள். படம் ஓடும்போது மூளை அதைத் தொடர்ச்சியாக அப்படியே சேமிப்பதில்லை. தேக்காவில் பூத்தொடுப்பவர் சில பூவுக்கு ஒரு முடிச்சுப் போடுவதுபோல, ஒரு நிகழ்வு முடிந்து அடுத்தது தொடங்கும் எல்லையில் முடிச்சுப் போடுகிறது. ஜெஃப்ரி ஸாக்ஸ் 2001 முதல் இதைத்தான் ஆராய்ந்துவருகிறார். அயா பென்-யாகோவ், ரிச்சர்ட் ஹென்சன் 2018இல் 250 பேருக்கு மேற்பட்டவர்களின் பதிவுகளைப் பார்த்தார்கள். படம் பார்த்தவர்கள் ‘இங்கே ஒரு நிகழ்வு முடிகிறது’ என்று குறித்த இடங்களில் ஹிப்போகேம்பஸ் எழும்பியது. அதற்கு முன்பே பென்-யாகோவ், யாதின் டுடாய் இருவரும் காட்டியது என்னவென்றால், துண்டுப் படம் முடிந்த பிறகு வரும் அந்தச் சில விநாடி எழுச்சி, பின்னால் அது நினைவிருக்குமா என்பதோடு தொடர்புடையது. உடனே இன்னொரு துண்டைப் போட்டால் முந்தியதன் நினைவு குறைந்தது.

ஆய்வுக்கூடத்தில் அளந்தது சிறு துண்டுகளை. முழுப் படத்தின் முடிவுக்கும் அதைப் பொருத்துவது என் சொந்தக் கருத்து. ஆனாலும் சொல்கிறேன்: கடைசிக் காட்சி முடிந்த மறுகணமே குழல்விளக்கைப் போட்டு, ஒலிவாங்கியைத் தட்டி, ‘கார் நிறுத்தச் சீட்டு’ என்று அறிவிப்பது எல்லா இடத்திலும் நடக்கிறது. அதை மட்டும் செய்யாதீர்கள்.

தெம்பனிஸ் மல்லிகை

சரி தம்பி. அறிவிப்பு, நன்றியுரை எல்லாவற்றையும் படத்துக்கு முன்னாலேயே முடித்துவிடுகிறோம். பெயர்வரிசை முழுக்க ஓடட்டும், விளக்கு அதன் பிறகுதான். அடுத்த மாதம் மழைப் படம். அதற்கு மறுமாதம் விறுவிறுப்பானது. ஆங்கில வரி இருக்கும். சிறு பிள்ளைகள் பெற்றோர் பக்கத்திலேயே உட்காரும்படி இருக்கைகளை மாற்றுகிறோம். அந்தத் தாயாரிடம் க்ரூக்மனின் அந்த ஒரே ஒரு பெண்ணைப் பற்றியும் நம்மூர் 31 தாய்மாரைப் பற்றியும் நேரில் போய்ச் சொல்லப்போகிறேன். வெட்டுமேசை அண்ணே, மழைப் படத்துக்கு நீங்கள் வந்து பேச வேண்டும்.

வெட்டுமேசை

வருகிறேன். மண்டபத்தை இரவு 10 மணிக்குப் பூட்டிவிடுவார்களே, பேச நேரம் இருக்குமா?

தெம்பனிஸ் மல்லிகை

இந்த முறை 6 மணிக்கே தொடங்கிவிடுகிறோம், அண்ணே. செங்காங் மகள், முடிந்தால் அம்மாவையும் அழைத்து வாருங்கள். முன்வரிசையில் ஓர் ஓர இருக்கை அவருக்கு.